வீடு கட்டக் கம்பி: பிரைமரியா, செகண்டரியா? எந்த கிரேடு? எப்போது வாங்குவது?

தூணும் உத்திரமும் வைத்து 1200 சதுர அடியில் ஒரு தனி வீடு கட்டினால், சதுர அடிக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ கம்பி போகும். ஆக மொத்தம் நான்கரை டன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நான்கரை டன்னை வாங்கும்போது மூன்று முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது: எந்த வகை ஆலையின் கம்பி (தாதுவிலிருந்து எஃகு செய்யும் பிரைமரியா, பழைய இரும்பை உருக்கும் செகண்டரியா), எந்த கிரேடு, எப்போது வாங்குவது. பெரும்பாலானவர்கள் மூன்றாவதிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். "அடுத்த மாசம் இறங்குமா?" என்று நாலு கடைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, கடைசியில் கடைக்காரர் அனுப்பும் கம்பியை எடை கூடப் பார்க்காமல் இறக்கிக்கொள்கிறார்கள். விலையின் போக்கு நம் கையில் இல்லை; கம்பியின் வேதியியலும் எடையும் கிரேடும் முழுக்க நம் கையில் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் எடை போடுகிறது.

முதலில் விலை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

2024-இல் உலகம் உற்பத்தி செய்த கச்சா எஃகு சுமார் 188 கோடி டன். அதில் சீனா மட்டும் 100 கோடி டன். இரண்டாம் இடத்தில் இருக்கும் இந்தியா 15 கோடி டன்னை நெருங்கியது. கட்டுமானக் கம்பியைப் பொறுத்தவரை கடந்த சில ஆண்டுகளின் பெரிய செய்தி சீனாவின் வீட்டுமனைத் தொழில் சரிந்ததுதான். 2020-இல் அங்கே உருட்டிய கம்பி 25 கோடி டன்னைத் தாண்டியிருந்தது. 2024-இல் 20 கோடி டன்னுக்குக் கீழே போய்விட்டது. எவர்கிராண்டே போன்ற கட்டுமான நிறுவனங்கள் கடனில் மூழ்கியதும் புதுக் கட்டடங்கள் நின்றன. ஆனால் ஆலைகளின் உற்பத்தித் திறன் அப்படியே இருந்தது. உள்ளூரில் விற்க முடியாத எஃகு வெளியே கிளம்பியது. 2024-இல் சீனா ஏற்றுமதி செய்தது 11 கோடி டன்னுக்கு மேல். 2015-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு போனதில்லை.

அப்படியானால் சீனக் கம்பி சென்னைக்கு வந்து குவியவில்லையே, ஏன்? கம்பி கனமான, விலை குறைந்த சரக்கு. கப்பல் கூலி அதன் லாபத்தைத் தின்றுவிடும். இந்தியாவில் ஐ.எஸ். 1786 (கம்பிக்கான இந்தியத் தரம்) முத்திரை உரிமம் இல்லாத கம்பியை விற்க முடியாது. சீன அரசும் 2021 மே முதல் 146 எஃகு வகைகளுக்கு ஏற்றுமதி வரிச் சலுகையை எடுத்துவிட்டது. வெளியே போனதில் பெரும்பகுதி தகடும் சுருளும்தான். 2025 ஏப்ரலில் இந்திய அரசு போட்ட 12 சதவீதப் பாதுகாப்பு வரியும் தட்டை எஃகுக்கு மட்டும்தான், கம்பிக்கு இல்லை. அந்த வரியைக் காட்டிக் கம்பி விலை ஏறிவிட்டது என்று எந்தக் கடையிலாவது சொன்னால், அதற்கு நேரடிக் காரணம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சீனாவின் தாக்கம் மூலப்பொருள் வழியாக வருகிறது: இரும்புத் தாது, கோக்கிங் கரி (ஊதுலைக்கான நிலக்கரி), ஸ்கிராப் (பழைய இரும்பு). ஒரு நிகழ்வை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். சீனா கம்பிக்கான தன் தேசியத் தரத்தை மாற்றி, புதிய தரம் 2024 செப்டம்பர் 25 முதல் அமல் என்று அறிவித்தது. பழைய தரத்துச் சரக்கை வைத்திருந்த வியாபாரிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தள்ளிவிடப் பார்த்தார்கள். ஏற்கனவே வாங்க ஆளில்லாத சந்தை அது. ஷாங்காயில் 2009 முதல் நடக்கும் கம்பி முன்பேரச் சந்தையில் ஆகஸ்ட் மாதம் விலை பல ஆண்டுகளில் காணாத அளவுக்கு விழுந்தது. உலகின் மிகப் பெரிய எஃகு நிறுவனமான பாவோவுவின் தலைவர் அதே மாதம், தொழிலுக்குக் கடுமையான குளிர்காலம் வருகிறது என்று தன் ஊழியர்களை எச்சரித்தார். கம்பி விழுந்ததும் தாது விலையும் கூடவே இறங்கியது. ஒரு நாட்டின் தர நிர்ணயக் காகிதம் உலகத் தாது விலையைத் தொட்ட விதம் இது. இதைக் கடைக்காரரும் கணிக்க முடியாது, நாமும் கணிக்க முடியாது.

ஸ்கிராப் பக்கம் துருக்கிதான் அளவுகோல். ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி டன் பழைய இரும்பை இறக்குமதி செய்து, மின் வில் உலையில் உருக்கி, கம்பியாக உருட்டி உலகெங்கும் விற்கும் நாடு அது. துருக்கி ஆலைகள் என்ன விலைக்குக் கப்பல் ஸ்கிராப் வாங்குகின்றனவோ, அதைப் பார்த்துத்தான் மற்ற நாடுகளும் விலை பேசுகின்றன. 2023 பிப்ரவரி பூகம்பத்தில் எஃகு ஆலைகள் நிறைந்த இஸ்கென்தெருன் வட்டாரம் அடிவாங்கியபோது ஸ்கிராப் சந்தை முழுவதும் ஆடியது. கும்மிடிப்பூண்டியிலோ கோவையிலோ இருக்கும் ஓர் ஆலையின் அன்றாட விலைக்கும் மத்தியதரைக் கடலோரத்து ஆலைக்கும் உள்ள தொடர்பு இதுதான். இனி வரப்போகும் ஒன்றும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கழிவு ஏற்றுமதிச் சட்டப்படி, 2027 மே முதல் வளர்ந்த நாடுகள் அமைப்பில் (ஓ.இ.சி.டி.) இல்லாத நாடுகளுக்கு, அனுமதிப் பட்டியலில் இருந்தால்தான் ஸ்கிராப் போகும். இந்தியா அந்த அமைப்பில் இல்லை. ஸ்கிராப்பை நம்பும் ஆலைகளுக்கு இது விலையில் தெரியக்கூடிய விஷயம்.

இதிலிருந்து வாங்குபவருக்குப் பயன்படும் ஒன்று கிடைக்கிறது. பிரைமரி ஆலைகளின் செலவு தாதுவிலும் இறக்குமதிக் கோக்கிங் கரியிலும் இருக்கிறது; அவை பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறை விலைப் பட்டியல் வெளியிட்டு, தேவைப்பட்டால் நடுவில் திருத்தும். செகண்டரி ஆலைகளின் செலவு ஸ்கிராப், ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமலே ஆக்ஸிஜனை நீக்கிச் செய்யும் இரும்பு), மின்சாரம். அவற்றின் விலை தினமும் மாறும். இரண்டும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதால், இரண்டுக்கும் உள்ள இடைவெளி சில வாரங்களில் கிலோவுக்கு இரண்டு ரூபாயாகச் சுருங்கும், சில வாரங்களில் ஏழெட்டு ரூபாயாக விரியும். விலை ஏறுமா இறங்குமா என்று கேட்பதைவிட, இன்றைக்கு இடைவெளி எவ்வளவு என்று கேட்பது பயனுள்ளது.

இனி முதல் முடிவு: உலை

பிரைமரி என்பது தாதுவிலிருந்து ஊதுலை, ஆக்ஸிஜன் உலை வழியாக வரும் எஃகு. டாடா, செயில், ஜே.எஸ்.டபிள்யூ., விசாகப்பட்டினம் ஆலை எல்லாம் இந்த வகை. செகண்டரி என்று தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைப்பதில் மிகப் பெரும்பகுதி இன்டக்‌ஷன் ஃபர்னஸில் (மின்காந்தத் தூண்டலால் சூடேறும் உலை) ஸ்கிராப்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் கலந்து உருக்கியது.

ஸ்கிராப்பிலிருந்து வருவதால் தரம் குறைவு என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அமெரிக்காவில் கட்டடத்துக்குப் போகும் கம்பி ஏறத்தாழ முழுவதும் ஸ்கிராப்பிலிருந்து வருவதுதான், துருக்கியிலும் அப்படியே. வித்தியாசம் உலையில் இருக்கிறது. மின் வில் உலையில் ஆக்ஸிஜன் ஊதலாம், சுண்ணாம்புக் கசடு போட்டுப் பாஸ்பரஸை வெளியேற்றலாம். இன்டக்‌ஷன் ஃபர்னஸின் உட்சுவர் பெரும்பாலும் சிலிக்கா. சுண்ணாம்புக் கசடு அதை அரித்துவிடும். எனவே அது உருக்கும், சுத்திகரிக்காது. உள்ளே என்ன போகிறதோ அதுதான் வெளியே வரும். பின்னால் லேடில் ஃபர்னஸ் (உருகிய எஃகைச் சரிசெய்யும் இரண்டாம் உலை) வைத்திருக்கும் ஆலைகளால் கந்தகத்தைக் குறைக்க முடியும். பாஸ்பரஸ் அங்கேயும் அவ்வளவு எளிதில் இறங்காது.

பாஸ்பரஸ் கூடினால் கம்பி விறைப்பாகும். இழுத்துப் பார்த்தால் வலிமை நன்றாகவே தெரியும், ஆனால் வளைக்கும்போது ஒடியும். கந்தகம் கூடினால் சூட்டில் உருட்டும்போதே வெடிப்பு விழும். பழைய மோட்டார் சுருளோடு செம்பும், தகர டப்பாவோடு வெள்ளீயமும் உள்ளே போனால் மேற்பரப்பில் நுண்ணிய கீறல்கள் வரும். செம்பைக் குறைக்க ஸ்பாஞ்ச் அயர்னைக் கூட்டலாம். உலகிலேயே அதிக ஸ்பாஞ்ச் அயர்ன் செய்யும் நாடு இந்தியாதான். ஆனால் நிலக்கரி கொண்டு செய்யும் ஸ்பாஞ்ச் அயர்ன், தாதுவின் பாஸ்பரஸையும் கரியின் கந்தகத்தையும் சுமந்து வரும். ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் ஏறும் கணக்கு இது.

இந்தக் காரணத்துக்காகவே சீனா 2017 ஜூன் இறுதிக்குள் கட்டுமானக் கம்பிக்கான இன்டக்‌ஷன் ஃபர்னஸ்களை மொத்தமாக மூடியது. சுமார் 14 கோடி டன் திறன் ஒரே வீச்சில் போனது. இந்தியா அந்த வழியில் போகவில்லை, கட்டாய பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை என்ற வழியில் போனது. நல்ல ஸ்கிராப்பைப் பிரித்தெடுத்து, லேடில் ஃபர்னஸ் வைத்து, ஒவ்வொரு உருக்குக்கும் ஸ்பெக்ட்ரோ (வேதியியல் கலவை) சோதனை பார்க்கும் செகண்டரி ஆலைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவற்றின் கம்பி தரத்துக்குள்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், உலையில் போடும் கலவை ஒவ்வொரு உருக்குக்கும் மாறும். போன மாதம் வந்த நல்ல கம்பி இந்த மாதத்துக் கம்பிக்கு உத்தரவாதம் ஆகாது. பிரைமரியில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. அதற்குத்தான் கூடுதல் விலை.

பிரைமரியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. 8 மி.மீ., 10 மி.மீ. அளவுகள் எல்லா நேரமும் கிடைக்காது. பத்து நாள் காத்திருக்க வேண்டி வரலாம். சில பெரிய நிறுவனங்கள் தம் பில்லட்டை, அதாவது கம்பியாக உருட்டுவதற்கு முந்தைய எஃகுக் கட்டையை, கொடுத்து வெளி ஆலைகளில் உருட்டி வாங்குவதும் உண்டு. பில்லட் நல்லதாக இருந்தாலும், உருட்டிய பின் தண்ணீரில் குளிர்விக்கும் வேலை அந்த ஆலையின் கைத்திறனைப் பொறுத்தது. டி.எம்.டி. கம்பியின் பலமே அங்கேதான் உருவாகிறது: சுமார் 1000 டிகிரி சூட்டில் வரும் கம்பி தண்ணீர்ப் பெட்டிக்குள் புகுந்து வெளிவரும்போது வெளி வளையம் கடினமாகி, உள் நடுப்பகுதி மென்மையாக நிற்கிறது. தண்ணீர் சரிசமமாகப் படாவிட்டால் வளையம் ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்துவிடும். ஒரு துண்டை வெட்டி, முகத்தை வழவழப்பாகத் தேய்த்து, நைட்டால் அமிலத்தில் நனைத்தால் அந்த வளையம் கண்ணுக்கே தெரியும். பரிசோதனைக் கூடங்களில் கேட்டால் செய்து காட்டுவார்கள்.

விலைக் கணக்குக்கு வருவோம். இடைவெளி கிலோவுக்கு 5 ரூபாய் என்று வையுங்கள். நான்கரை டன்னுக்கு 22,500 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 26,550. சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று கட்டினால் வீட்டின் செலவு 27 லட்சத்து 60 ஆயிரம். ஆக, பிரைமரிக்கான கூடுதல் செலவு மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. தனி வீட்டுக்கு, இடைவெளி 5 ரூபாய்க்குள் இருக்கும்வரை பிரைமரியை எடுங்கள் என்பதே எங்கள் தீர்மானம். இருநூறு டன் போகும் அடுக்குமாடிக்குக் கணக்கு வேறு. அங்கே மிச்சமாகும் தொகையில் சிறு பகுதியைச் செலவழித்து ஒவ்வொரு லோடையும் என்.ஏ.பி.எல். (சோதனைக் கூடங்களுக்கான தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கூடத்தில் சோதிக்க முடியும். அப்படிச் சோதிக்கும் ஒழுங்கு இருந்தால் நல்ல செகண்டரி ஆலையிடம் நேரடியாக வாங்குவது நியாயமான முடிவு. சோதனையும் செய்ய மாட்டோம், செகண்டரியும் வாங்குவோம் என்பது மட்டும் வேண்டாம்.

எடை: இங்கேதான் பணம் போகிறது

ஒரு மீட்டருக்கு இருக்க வேண்டிய எடை: 8 மி.மீ. 0.395 கிலோ, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.888, 16 மி.மீ. 1.58, 20 மி.மீ. 2.47. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் இந்த எண்கள் வரும். ஐ.எஸ். 1786 அனுமதிக்கும் விலகல் 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதம், அதற்கும் மேல் 3 சதவீதம். இது ஒரு லாட்டின் சராசரிக்கு. தனி ஒரு கம்பி இதைவிட ஒரு சதவீதம் கூடுதலாகக் குறையலாம், அவ்வளவுதான்.

சில ஆலைகள் வேண்டுமென்றே மைனஸில் உருட்டும். "எங்க கம்பியில் டன்னுக்கு நாலு பீஸ் அதிகம்" என்பது அப்படி வரும் விற்பனைப் பேச்சு. எடை போட்டு வாங்கினால், தரத்துக்குள் இருக்கும்வரை அது உண்மையிலேயே லாபம்: 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம், சரியான எடையில் டன்னுக்கு 94. 5 சதவீதம் குறைவில் 99 வரும். பீஸ் கணக்கில் வாங்கினால் அதே மைனஸ் உங்களுக்கு நஷ்டம். கிலோ 60 ரூபாய் என்று சொல்லி, ஒரு கம்பி 10.66 கிலோ என்ற ஏட்டு எடைக்கு 640 ரூபாய் போடுகிறார் கடைக்காரர். கம்பி 7 சதவீதம் மெலிந்து 9.9 கிலோதான் இருக்கிறது என்றால், நீங்கள் கொடுத்தது கிலோவுக்கு 64 ரூபாய் 60 பைசா. செகண்டரி என்று மிச்சம் பிடித்த ஐந்து ரூபாய் அங்கேயே கரைந்தது. அது மட்டுமா, 12 மி.மீ. கம்பியில் 7 சதவீதம் என்பது தரத்துக்கே வெளியே. வடிவமைப்பில் எஃகுக்கு வைக்கும் பாதுகாப்புக் காரணி 1.15, எடை 7 சதவீதம் குறைந்தால் பரப்பும் 7 சதவீதம் குறைகிறது, அந்தக் காப்பில் பாதி வீடு கட்டும் முன்பே போய்விடுகிறது.

சரிபார்க்கும் விதம் எளிது. லாரியைச் சரக்கு இறக்கும் முன்னும் இறக்கிய பின்னும் பொது எடை மேடையில் போடுங்கள். இறக்கும்போது ஒவ்வொரு விட்டத்திலும் ஐந்தாறு கம்பியை வெவ்வேறு கட்டிலிருந்து உருவி, டேப்பால் நீளம் அளந்து, தராசில் நிறுத்தி, எடையை நீளத்தால் வகுத்து மீட்டர் எடை பாருங்கள். நீளத்தையும் அளக்க வேண்டும்; 12 மீட்டர் என்று சொல்லி 11.7 வருவதுண்டு. மீட்டர் எடையின் சராசரி 8 மி.மீ.யில் 0.367-க்கும், 10 மி.மீ.யில் 0.574-க்கும், 12 மி.மீ.யில் 0.844-க்கும், 16 மி.மீ.யில் 1.50-க்கும் கீழே போனால் லாரியைத் திருப்பி அனுப்பலாம். இந்தப் பேச்சை ஆர்டர் கொடுக்கும்போதே பேசி, பில்லில் "எடை மேடை எடைப்படி" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரேடு: 500, 500டி, 550, 550டி

எண் கூடக் கூட நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எண் சொல்வது விளைவு வலிமையை (கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் இழுவிசை) மட்டும். பூகம்பத்திலும் அதிகச் சுமையிலும் கட்டடத்தைக் காப்பது கம்பி ஒடியாமல் எவ்வளவு நீளும் என்பது. எஃப்.இ. 500-க்கு, அதாவது 500 கிரேடுக்கு, குறைந்தபட்ச நீட்சி 12 சதவீதம், 500டி-க்கு 16. எஃப்.இ. 550-க்கு 10 மட்டுமே, 550டி-க்கு 14.5. வேதியியலும் கூடவே மாறுகிறது: எஃப்.இ. 500-இல் கந்தகம், பாஸ்பரஸ் தலா 0.055 சதவீதம் வரை போகலாம், கார்பன் 0.30 வரை. டி வகையில் கந்தகம், பாஸ்பரஸ் தலா 0.040, இரண்டும் சேர்ந்து 0.075, கார்பன் 0.25. ஆக, "டி" என்ற ஒற்றை எழுத்தைக் கேட்டு வாங்குவதே உலைப் பிரச்சினைக்கும் ஒரு வடிகட்டி. இன்டக்‌ஷன் ஃபர்னஸ் கம்பி வாங்குவதானால், ஆலை தரும் சோதனைச் சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டிய எண் பாஸ்பரஸ்.

சென்னை மூன்றாம் பூகம்ப மண்டலத்தில் இருக்கிறது, அங்கே ஐ.எஸ். 13920 (பூகம்பத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான தரம்) பொருந்தும். அந்தத் தரம் இன்னும் இரண்டு விஷயம் கேட்கிறது: இறுதி வலிமை (கம்பி அறும் முன் தாங்கும் உச்ச இழுவிசை), அளந்த விளைவு வலிமையைப் போல் குறைந்தது 1.15 மடங்கு இருக்க வேண்டும். அளந்த விளைவு வலிமை கிரேடு எண்ணைவிட 1.2 மடங்குக்கு மேல் போகக் கூடாது. 500டி-க்கு ஐ.எஸ். 1786 கேட்பது 1.10 மடங்குதான். எனவே 500டி என்ற முத்திரை மட்டும் போதாது. சான்றிதழில் விளைவு வலிமை 545, இறுதி வலிமை 640 என்று இருந்தால் விகிதம் 1.17, எடுத்துக்கொள்ளலாம். 590-ம் 660-ம் என்றிருந்தால் 1.12, முத்திரைப்படி சரி, பூகம்ப விதிப்படி போதாது. இந்த வகுத்தலைச் செய்ய அரை நிமிடம் போதும். செய்பவர்கள்தான் குறைவு.

இருப்பில் 500 இல்லை, 550 அனுப்புகிறேன், இன்னும் ஸ்ட்ராங் என்று கடைக்காரர் சொல்வார். அப்படியே ஏற்காதீர்கள். கிரேடு கூடினால் கம்பி கான்கிரீட்டைப் பிடித்து நிற்க வேண்டிய நீளமும் கூடும். எம்20 கான்கிரீட்டில் (20 என்பது அதன் வலிமை எண்) எஃப்.இ. 500-க்கு அது விட்டத்தைப் போல் 57 மடங்கு. 550-க்கு 62 மடங்குக்கு மேல். 12 மி.மீ. கம்பியில் முன்னது 68 செ.மீ., பின்னது 75 செ.மீ. கம்பி கட்டுபவர்கள் பழக்கத்தில் விடும் 50 மடங்கு, அதாவது 60 செ.மீ., எஃப்.இ. 500-க்கே எம்20-இல் பற்றாது. எம்25 போட்டால் 500-க்கு 49 மடங்காக இறங்கி, அந்தப் பழக்கம் சரியாகிவிடும். ஆகவே கிரேடை மாற்றுவதானால் வரைபடம் போட்ட பொறியாளர் ஒட்டு நீளங்களைத் திருத்தித் தர வேண்டும். 550 போட்டால் கம்பி மிச்சமாகும் என்பதும் சிறு வீட்டில் பெரிதாக நடக்காது. தளக் கம்பியின் பெரும்பகுதி குறைந்தபட்ச அளவாலும் இடைவெளி விதியாலும் முடிவாவது, வலிமையால் அல்ல. தனி வீட்டுக்கு 500டி போதும். 550டி உயரமான கட்டடங்களில் கம்பி நெருக்கமாக வரும் தூண்களுக்கு. டி இல்லாத 550-ஐ வீட்டுக்கு வாங்க ஒரு காரணமும் இல்லை.

தளத்தில் ஒரு சோதனை: 8 மி.மீ. கம்பியில் தூண், உத்திர வளையம் (ரிங்) மடிக்கும்போது அருகில் நின்று கவனியுங்கள். கொக்கி 135 டிகிரிக்கு மடங்க வேண்டும், நுனி 65 மி.மீ. உள்ளே போக வேண்டும். வளைவின் வெளிப்புறத்தில் நெளிநெளியாகக் கீறல் வந்தாலோ, பத்தில் ஒன்று ஒடிந்தாலோ அந்தக் கட்டைத் தனியே வைத்துவிட்டுச் சோதனைக்கு அனுப்புங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: மிக மெல்லிய ஆணியைச் சுற்றி மடித்தால் நல்ல கம்பியும் கீறும். 500டி-க்கு 20 மி.மீ. வரை சோதனை உருளையின் விட்டம் கம்பியைப் போல் மூன்று மடங்கு. 8 மி.மீ. கம்பிக்கு அது 24 மி.மீ. மடிக்கும் பலகையில் ஆணி 10 மி.மீ. என்றால் குறை கம்பியில் இல்லை.

எப்போது வாங்குவது

2022-இல் நடந்ததை நினைவில் வைத்தால் போதும். பிப்ரவரியில் உக்ரைன் போர். மார்ச்சில் கோக்கிங் கரி டன் 600 டாலரைத் தாண்டியது. ஏப்ரலில் இந்தியாவில் கம்பி டன் 75,000 ரூபாய்க்கு மேல் போனது. மே 22-ஆம் தேதி மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட, சில வாரங்களிலேயே டன்னுக்குப் பல ஆயிரம் இறங்கியது. நவம்பர் 19-ஆம் தேதி அந்த வரியும் நீங்கியது. ஏப்ரலில் பயந்துபோய் மொத்தமும் வாங்கி அடுக்கியவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

மொத்தமாக வாங்குவதன் செலவைக் கணக்கிடுவோம். இரண்டரை லட்ச ரூபாய்க் கம்பியை நாலு மாதம் முன்னதாக வாங்கினால், 9 சதவீத வட்டியில் 7,500 ரூபாய் போகிறது. அதற்கு மேல் துருவும் களவும். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் மிச்சம் 22,500. இறங்கினால் அதே அளவு நஷ்டம். நாணயம் சுண்டுவதற்கு வட்டி கட்டுவது போன்றது இது. மூன்று தவணையாக வாங்குங்கள்: அடித்தளமும் பிளிந்த் பீமும், தூணும் லிண்டலும், கூரைத் தளம். ஏற்ற இறக்கம் தானாகச் சராசரியாகிவிடும். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை மந்தம், கடைக்காரர்கள் பேரத்துக்கு இறங்குவார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அரசு ஒப்பந்த வேலைகள் நிதியாண்டு முடிவுக்குள் ஓடுவதால் தேவை கூடும். கூரை மாசியிலோ பங்குனியிலோ வருவதானால், கூரைக் கம்பியை மட்டும் டிசம்பர் கடைசியில் எடுப்பது நியாயம். அதற்கு மேல் கணிக்க முயல வேண்டாம்.

முன்பணம் கொடுத்து விலையைப் பூட்டும் வழியும் உண்டு. அதில் பிராண்டு, கிரேடு, விட்டம் வாரியாக எடை, தரும் தேதி, விலை இறங்கினால் என்ன என்பது எல்லாம் எழுத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். விலை ஏறியதும் "சரக்கு வரலை" என்று இழுத்தடிப்பது இந்த ஏற்பாட்டில் அடிக்கடி வரும் தகராறு.

வந்த கம்பியைத் தரையிலிருந்து குறைந்தது 15 செ.மீ. உயரத்தில் கட்டை மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு, விட்டம் வாரியாகப் பிரித்து வையுங்கள். கடலோரத்திலோ, நாள்கணக்கு நீண்டாலோ சிமென்ட் பால் பூசி வைக்கலாம். லேசான செம்பழுப்புத் துருவால் கெடுதல் இல்லை. செதில் செதிலாக உரிந்து, குழி விழுந்தால் மீட்டர் எடையை மறுபடி பார்க்க வேண்டும்.

கட்டில் தொங்கும் தகட்டையும் மறக்காதீர்கள். அதில் உருக்கு எண் (எந்த உருக்கில் வந்த கம்பி என்று காட்டும் ஹீட் நம்பர்), பி.ஐ.எஸ். உரிம எண் இருக்கும். சான்றிதழில் உள்ள உருக்கு எண்ணும் தகட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு லோடின் சான்றிதழை நகல் எடுத்துத் தருவது நடக்கிறது. உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று காட்டிவிடும். கம்பியின் மேலேயே பிராண்டும் கிரேடும் உருட்டிப் பதிந்திருக்க வேண்டும். பெரிய பிராண்டின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிய கம்பிகள் சந்தையில் உலவுகின்றன, எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

கடலோரத்தில் கட்டுபவர்களுக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கம் என்றால் துருப்பிடிக்காத கம்பி என்ற பெயரில் நான்கு வகை முன்னால் வைக்கப்படும். செம்பும் குரோமியமும் கலந்த சி.ஆர்.எஸ். கம்பி துருவைத் தாமதப்படுத்தும், தடுக்காது. விலை வித்தியாசம் குறைவு என்பதால் எடுக்கலாம். எபாக்ஸி பூச்சு, ஏற்றி இறக்கி வளைத்துக் கட்டும் வேலையில் ஓரிடத்தில் உரிந்தாலும் துரு அந்த ஒரே இடத்தில் ஆழமாகக் குழிபறிக்கும்; பூச்சைக் காப்பாற்றிக் கையாளும் ஒப்பந்ததாரர் இல்லாவிட்டால் வேண்டாம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சிமென்ட்-பாலிமர் பூச்சு தளத்திலேயே பூசக்கூடியது, சிறு கட்டடங்களுக்கு ஒத்துவரும். கண்ணாடி இழைக் கம்பி துருவே பிடிக்காது, எடையும் எஃகில் கால் பங்குதான்; ஆனால் அதன் விறைப்பும் எஃகில் கால் பங்குதான், தளத்தில் வளைக்கவும் முடியாது. எஃகுக்குப் போட்ட வரைபடத்தில் உத்திரத்துக்கும் தூணுக்கும் அதை அப்படியே மாற்றிப் போடக் கூடாது. காம்பவுண்டு அடித்தளம், தரைத் தளம் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வருவது கான்கிரீட். கடும் சூழலுக்கு ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம்) கேட்பது குறைந்தது எம்30-ம் 45 மி.மீ. கவரும் (கம்பிக்கு மேல் மூடும் கான்கிரீட் தடிமன்). 20 மி.மீ. கவர் பிளாக்கை வைத்துவிட்டுச் சி.ஆர்.எஸ். கம்பிக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோர போர்வெல் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டும். வேலை தொடங்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைக் கூடத்தில் கொடுத்துச் சோதித்து, தாண்டினால் கான்கிரீட்டுக்கும் அதன் மேல் ஊற்றும் கியூரிங் தண்ணீருக்கும் சேர்த்து லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.